மேலே தள்ளினால் தண்ணீர்

அந்த வீட்டில் எல்லாம் ஒரே சுவிட்சில் இருந்தது. மேலே தள்ளினால் மோட்டார் ஓடும், மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறும். கீழே தள்ளினால் இன்டர்நெட் பெட்டிக்கு உயிர் வரும். இரண்டும் ஒன்றாக வராது. அண்ணியின் கணவர் செய்த வேலை அது. பேங்க் கிளார்க். கையில் டெஸ்டர் கிடைத்துவிட்டால் எலெக்ட்ரீஷியனை வாசலோடு அனுப்பிவிடுவார். கேட்டால், "ஒரு வயர் மிச்சம்" என்பார். அவர் இருந்தவரை "மோட்டார் போடறேன்" என்று கத்திவிட்டுத்தான் தள்ளுவார். வீடே கம்ப்யூட்டரை விட்டு எழுந்துவிடும். இப்போது கத்த ஆளில்லை; வீட்டில் அண்ணியும் அவருடைய தங்கையும்தான்.

அன்று காலை அண்ணிக்கு இன்டர்வியூ. ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்தும் வேலை. அவர் போன பிறகு அவளாக ஆசைப்பட்டது இது ஒன்றைத்தான். நல்ல புடவை, திரையில் தெரியாத காலில் ரப்பர் செருப்பு. இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பாள், குளியலறையிலிருந்து நாத்தனார் குரல் வந்தது.

"அண்ணி, தண்ணி நின்னுடுச்சு. தலையெல்லாம் நுரை."

"இன்டர்வியூல இருக்கேன்டி. பொறு."

"கண்ணு எரியுது அண்ணி."

"மூடிக்கோ."

திரையிலிருந்த பதிப்பாசிரியர், "வீட்ல ஏதாவது அவசரமா?" என்றார். மழுப்பினால் இன்னும் மாட்டிக்கொள்வோம் என்று அண்ணி சுவிட்சின் கதையை உள்ளபடியே சொன்னாள். அந்தப் பக்கம் மூன்று பேரும் குலுங்கிச் சிரித்தார்கள்.

"போய்த் தண்ணி விட்டுட்டு வாங்கம்மா. நாங்க டீ குடிச்சிட்டிருக்கோம்."

"போனா லைன் போயிடும் சார். திரும்பி வந்தா இருப்பீங்களா?"

"இருப்போம்."

அந்த வார்த்தையை நம்பித்தான் தள்ளினாள். திரையில் வட்டம் சுற்றியது. மோட்டார் சத்தத்தைக் கேட்டபடி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்ப இணைத்தபோது மூவரும் இருந்தார்கள், டீ கிளாசோடு.

வேலை கிடைத்தது. இனி நாள் முழுக்க லைன் வேண்டுமே என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். சுவிட்ச் பெட்டியைக் கழற்றியவர் உள்ளே வெகுநேரம் பார்த்தார்.

"எந்தப் புண்ணியவான்மா இதைப் பண்ணது? இத்தனை நாள் வீடு பத்திக்காம இருந்ததே பெரிசு."

அண்ணி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் சுவரைப் பார்த்தாள்.

"முன்னாடி குடியிருந்தவங்க யாரோ" என்றாள் நாத்தனார்.

"நல்ல மனுஷன்தான்" என்றாள் அண்ணி, யாரும் கேட்காமலே.