நான்காவது மூலை

விடியுமுன்பே உக்ரைனின் பொல்தாவா அருங்காட்சியகத்தின் பின்முற்றத்துக்கு மூன்று பேர் ஒரு பெரிய கம்பளத்தைச் சுருட்டிச் சுமந்து வந்தார்கள். நூற்றைம்பது வருஷத்துக் கம்பளம். நனைந்தால் கம்பளி சுருங்கும்; வெயில் பட்டால் சாயம் வெளுக்கும். அதனால் குளிர் முற்றிய நாளாகப் பார்த்து, உலர்ந்த பனிமேல் பூ முகத்தைக் கவிழ்த்து விரித்து, முதுகில் பிரம்பால் அடிப்பார்கள். தூசியைப் பனி வாங்கிக்கொள்ளும். பூச்சிகள் குளிரில் சாகும். விரித்ததைத் தூக்கும்போது மட்டும் நான்கு மூலையும் ஒரே சமயத்தில் எழ வேண்டும். இல்லாவிட்டால் பழைய நூல் தன் கனத்திலேயே அறுந்துவிடும்.

நான்காவது மூலை ஹொர்தியென்கோவினுடையது. ஊர் ஊராக நடந்து இத்தகைய கம்பளங்களைச் சேர்த்த அறிஞர். மூன்று நாளுக்கு முன் அவரைக் கைதுசெய்து கொண்டுபோய்விட்டார்கள். உக்ரைனியப் பூவேலையைக் காட்டி மக்களைச் சோவியத்துக்கு எதிராகத் திருப்பினார் என்பது குற்றம்.

கிழிசல் தைக்கும் மோத்ரியாவின் பிரம்பு அளவுக்கு மீறி விழுந்தது. நேற்று இயக்குநர் சுக்கோவ் அவளைத் தனியே அழைத்து, அந்தக் குற்றத்துக்குச் சாட்சிக் கையெழுத்துக் கேட்டான். மற்ற இருவரும் போட்டாயிற்று என்றான். ஒரு நாள் தவணை வாங்கி வந்திருந்தாள். அந்த இருவர் முகத்தில் விழிக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"கம்பளம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றான் கணப்பு மூட்டும் ஒனிசிம். "கையெழுத்துப் போட்ட கைக்கு இம்புட்டு வேகமா?"

"நானா போட்டேன்? நீயும் பராஸ்காவும்தானே போட்டீங்க."

பெருக்குகிற பராஸ்கா நிமிர்ந்தாள். "அந்தச் சுக்கோவ் நாசமாப் போவான். நீங்க ரெண்டு பேரும் போட்டாச்சுன்னுல்ல என்கிட்டச் சொன்னான்."

மூவரிடமும் அவன் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறான். நேற்று முழுதும் ஒரே கெண்டியின் தேநீரை மூலைக்கொருவராக நின்று குடித்தது நினைவுக்கு வந்து மூவருக்கும் முகம் எரிந்தது.

அப்போது தட்டச்சு செய்யும் யுஸ்தினா வந்தாள். மோத்ரியாவை மட்டும் இயக்குநர் கூப்பிடுவதாகச் சொன்னாள். அந்தத் தாளில் யார் கையெழுத்து இருக்கிறது என்று மோத்ரியா நேராகவே கேட்டாள்.

யுஸ்தினா இயக்குநர் அறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். "ஒண்ணுமில்லக்கா. மூணு எடமும் காலி." பிறகு, யாரும் சொல்லாமலே குனிந்து நான்காவது மூலையைப் பிடித்தாள்.

கம்பளத்தோடு நால்வரும் அறைக்குள் நுழைந்தார்கள். தரையெல்லாம் பனி உதிர்ந்தது.

"நான் ஒருத்தியத்தானே கூப்பிட்டேன்?" என்றான் சுக்கோவ்.

"இத ஒரு ஆளாத் தூக்க முடியாது, தோழர்," என்றாள் மோத்ரியா. "கம்பளத்தப் பூச்சி அரிக்காமக் காப்பாத்துறது எப்படின்னுதான் அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அத எழுதுங்க. நாலு பேரும் கையெழுத்துப் போடறோம்."

சுக்கோவ் யுஸ்தினாவைப் பார்த்தான். அவள் தலை குனிந்தாள், மூலையை விடவில்லை. அவன் கை தொலைபேசிக்குப் போயிற்று. ஹொர்தியென்கோவைக் கொண்டுபோனவர்களுக்குத்தான் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"இறுக்கிப் பிடிங்க," என்றான் ஒனிசிம் மெதுவாக. "நூல் பழசு."