இரண்டு டம்ளர் ஆப்பிள் ஜூஸ்

வாசலில் பனியை வாரிவிட்டு வந்தால் என் கணவர் பால்டருக்குச் சர்க்கரை இறங்கிவிடும். நாக்கு குழறும். ஆப்பிள் ஜூஸ் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுவார்.

அன்றும் குழறிக்கொண்டே வந்து சமையலறை நாற்காலியில் சரிந்தார்.

"என்ன கிழவா, காலையிலேயே ஊத்திக்கிட்டியா?" என்றேன்.

பாதி வாயால் சிரித்தார். அந்தப் பாதியைப் பார்த்தேன். பார்த்தும் ஜூஸைத்தான் எடுத்தேன். விரலில் குத்தினால் எரிந்து விழுவாரே என்று சர்க்கரையைச் சோதிக்கவில்லை. தெளியாததால் இன்னொரு டம்ளர் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது அதற்குப் பிறகுதான்.

வின்னிபெக் ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் பொறுமையாகச் சொன்னாள்: "இது பக்கவாதம். ரத்தம் நின்னுட்டா மூளை செல்லுக்கு ஆக்ஸிஜன் கிடைக்காதும்மா. ஆக்ஸிஜன் இல்லாமலே சர்க்கரையை எரிக்கும். அதுல அமிலம் சேரும். அதை அடிச்சிக்கிட்டுப் போக ரத்தம் ஓடலையே, அங்கேயே தேங்கி செல்லைக் கெடுத்துடும். இவருக்குச் சர்க்கரை வேற ரொம்ப ஏறியிருந்துச்சு. கடைசியா என்ன சாப்பிட்டார்?"

"காலையில ஓட்ஸ் கஞ்சி," என்றேன்.

பால்டரின் அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபி கொடுத்தார்கள். அவர் தங்கை ஸ்வாவா என் தோளில் கை போட்டுக்கொண்டு எல்லோரிடமும் சொன்னாள்.

"சிக்ரூன் இருந்ததால அண்ணன் தவிச்ச வாயோட போகல. டக்குனு ஜூஸ் கொடுத்துட்டா. நானா இருந்தா கத்திக் கத்தியே ஊரைக் கூட்டியிருப்பேன்."

"நீ சும்மாவே அப்படித்தானே," என்றாள் பக்கத்து வீட்டுத் தோரா. அவள் கணவருக்கும் சர்க்கரை. "எய்னார் கட்டில் பக்கத்துலயே இனிமே ஒரு பாட்டில் வெச்சுடறேன். வாய் கோணிச்சோ, ஊத்திட வேண்டியதுதான்."

ஸ்வாவாவின் புகழ்ச்சியை அதுவரை வாங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

"ஊத்தாதே," என்றேன். "வாய் கோணினா பக்கவாதம். எதுவும் கொடுக்கக் கூடாது. சர்க்கரை ஏற ஏற மூளையில அமிலம் கூடுமாம். டாக்டர் சொன்னா."

டாக்டர் பெயரைச் சொல்லித் தப்பித்துவிடலாம் என்றிருந்தேன்.

ஸ்வாவா கேட்டாள்: "நீ விரல்ல குத்திச் சர்க்கரை பார்த்தியா?"

"இல்ல."

"வாய் கோணியிருந்துச்சா?"

"இருந்துச்சு. பார்த்தேன்."

அவள் கை என் தோளிலிருந்து இறங்கியது. காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

தோராதான் மெதுவாகக் கேட்டாள்: "அப்போ முதல்ல விரல்ல குத்திப் பார்க்கணுமா, ஆம்புலன்ஸைக் கூப்பிடணுமா?"

"ஆம்புலன்ஸ்," என்றேன்.