காலண்டரில் இல்லாத லீவு

மலை ஏறச் சொன்னால் இன்பமேரி டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பிள்ளைகளுக்கு முன்னால் ஏறுவாள். கயிற்றைக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு பத்து விதமாக முடிச்சுப் போடுவாள். எழுதச் சொன்னால் மட்டும் அவளுக்கு எட்டிக்காய். இடுக்கி மாவட்டத்து மறையூர்ச் சாலையில் உள்ள ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர், கைட்ஸ் என்கிற சாரணியர் பிள்ளைகளுக்குக் கேப்டனும் அவள்தான். முதலுதவி, கூடாரம், ஹைக் என்கிற மலைநடை, திறந்தவெளிச் சமையல் என்று ஒன்றையும் குறை வைக்காமல் சொல்லிக் கொடுத்தாள். எந்தப் பிள்ளை எந்தப் பரீட்சையை என்றைக்கு முடித்தாள் என்பதை அன்றன்றைக்கே அந்தப் பிள்ளையின் லாக் புக்கில் எழுத வைத்துக் கேப்டன் கையெழுத்துப் போடவேண்டும். அது சட்டம். அதற்கு மட்டும் டீச்சரிடம் ஒரே பதில்தான், "அப்பறம் எழுதிக்கிடலாம்."

அந்த அப்புறம் வருவதற்குள் பிள்ளைகள் பத்தாவது முடித்துப் போய்விடுவார்கள். யாரும் கேட்டதில்லை, யாருக்கும் நஷ்டமும் இல்லை. ஜிஸ்மி வந்த பிறகுதான் கதை மாறியது.

தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்க்கும் ஆசீர்வாதத்தின் மகள் ஜிஸ்மி. ஒவ்வொரு படியாக முடித்து, ராஜ்ய புரஸ்கார் என்கிற மாநில விருதுக்கான வாசலில் வந்து நின்றாள். அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து அதுவரைக்கும் ஒரு பிள்ளைகூட அந்த வாசலை எட்டிப் பார்த்ததில்லை. விருது கிடைத்தால் பத்தாம் வகுப்பில் கூடுதல் மார்க் உண்டு. அந்த மார்க் வந்தால் டவுன் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் குரூப். வராவிட்டால் மிச்சம் கிடக்கிற குரூப்பில் எதையாவது எடுக்க வேண்டியதுதான். ஜிஸ்மிக்கு நர்ஸ் ஆகவேண்டும். ஆசீர்வாதம் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுக்க இப்போதே அவளை நர்ஸ் ஆக்கிவிட்டிருந்தார்.

திங்கட்கிழமை பரீட்சை முகாம், லாக் புக்கோடு வரவும் என்று வெள்ளிக்கிழமைதான் தகவல் வந்தது. ஜிஸ்மியின் லாக் புக் காலியாகக் கிடந்தது. சனிக்கிழமை இன்பமேரி ஜிஸ்மியைப் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லி, சுவரில் தொங்கிய போன வருஷத்துக் காலண்டரைக் கழற்றி மேஜையில் விரித்துக்கொண்டாள். ஒரு பரீட்சைக்கும் அடுத்ததுக்கும் இத்தனை மாதம் இடைவெளி வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. கணக்கு டீச்சருக்கு அது ஒரு பெரிய காரியமா? அவள் தேதி சொல்லச் சொல்ல ஜிஸ்மி முத்து முத்தாக எழுதினாள். ஞாயிறு வரக்கூடாது, ஓணம் வரக்கூடாது, பெருநாள் வரக்கூடாது. காலண்டரில் சிவப்பாகத் தெரிந்த எல்லாத் தேதியையும் டீச்சர் கவனமாகத் தாண்டினாள்.

"ஹைக் என்னைக்குட்டி போனோம்?"

"பிப்ரவரிலன்னு நினைக்கேன் டீச்சர். நீங்க போட்டோ எடுத்தீகள்ல, பழைய போன்ல? அதுல தேதி இருக்கும்."

"அந்தப் போன் எந்த மூலையில கிடக்கோ, அதுக்குச் சார்ஜரும் இல்ல. நினைக்கேன்னா எழுத முடியும்? ஆகஸ்ட் அஞ்சு, வெள்ளின்னு போடு. மாசக் கணக்குக்குத் தோதா இருக்கும்."

ஜிஸ்மி பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆகஸ்ட்ல நல்ல மழையில்லையா டீச்சர்?" என்றாள்.

"இடுக்கியில மழை பெய்யாம வெயிலா அடிக்கும்? எழுதுட்டி."

எழுதினாள். டீச்சர் இருபது இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பெரிய பாரம் இறங்கிய மாதிரி விரலைச் சொடுக்கிக்கொண்டாள்.

முகாமில் ஜிஸ்மி வெளுத்து வாங்கினாள். கட்டுப் போட்டதிலும் சரி, திசை பார்த்ததிலும் சரி, அவளுக்குப் பக்கத்தில்கூட ஒரு பிள்ளை வரவில்லை. கடைசியாக லாக் புக் பார்க்கும் மேஜை. தொடுபுழைப் பக்கத்திலிருந்து வந்திருந்த பின்சி டீச்சர் அங்கே உட்கார்ந்திருந்தாள். நல்ல மனுஷி, அதட்டிப் பேசத் தெரியாதவள். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"மோளே, ஆகஸ்ட் அஞ்சாம் தேதியா ஹைக் போனது?"

"ஆமா மேடம்."

"அன்னிக்குக் கலெக்டர் மழைக்கு லீவு விட்டாரே. ரெட் அலர்ட். ரோடெல்லாம் அடைச்சு, ஒரு பஸ்கூட ஓடலை. நான் அந்த வாரம் முழுக்க நிவாரண முகாம்லதான் கஞ்சி விளம்பினேன். நீங்க எந்த மலைக்குப் போனீங்க?"

பின்னால் நின்றிருந்த இன்பமேரிக்கு அப்போதுதான் உறைத்தது. காலண்டரில் எல்லா லீவும் சிவப்பாக இருக்கும். கலெக்டர் முந்தின நாள் ராத்திரி அறிவிக்கிற மழை லீவை எந்தக் காலண்டர் அச்சடிக்கும்? இடுக்கியில் பிறந்து வளர்ந்த அவளுக்கு அது தோன்றாமல் போயிற்றே!

ஜிஸ்மி திரும்பி டீச்சரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, நீங்கள் சொல்லுங்கள் என்ற எதிர்பார்ப்புதான் இருந்தது. இன்பமேரி வாயைத் திறக்கவில்லை. தேதிகளைக் கேப்டனே இட்டுக்கட்டிவிட்டாள் என்று தெரிந்தால் பொறுப்பைப் பிடுங்கிவிடுவார்கள், ஹெட்மாஸ்டர் காதுக்குப் போகும், பதினெட்டு வருஷப் பெயர் நாறிப்போகும். அந்த நேரத்தில் அவள் நினைத்ததெல்லாம் தன்னைப் பற்றி மட்டும்தான்.

"நான்தான் தேதியை மாத்தி எழுதிட்டேன் மேடம்," என்றாள் ஜிஸ்மி.

பின்சி இன்பமேரியிடம் திரும்பினாள். "டீச்சரே, நீங்க சொல்லுங்க. கேப்டன் ரெஜிஸ்டர்ல சரியான தேதி இருக்குமில்லையா?"

ரெஜிஸ்டர் இருந்தால்தானே! "பிள்ளை எழுதுனதுல தப்பு வந்துருச்சு போல," என்றாள் இன்பமேரி. தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

பின்சி பெருமூச்சு விட்டு, விருதுப் பட்டியலில் ஜிஸ்மியின் பெயரை ஒரு கோடு இழுத்து அடித்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜிஸ்மி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அழவில்லை. இரண்டு அடி அடித்திருந்தால்கூட டீச்சருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அப்போதுதான் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அந்த ஆகஸ்ட் அஞ்சாம் தேதி லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து, ஜனங்களையெல்லாம் பள்ளிக்கூடத்தில்தான் தங்க வைத்திருந்தார்கள். காயம்பட்ட குழந்தைகளுக்குக் கட்டுப் போட்டது ஜிஸ்மி. அதையும் அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்றுதான் விட்டிருந்தாள் பாவி டீச்சர்.

ஒரு வாரம் தூக்கம் இல்லை. வீட்டைத் தலைகீழாக்கிப் பழைய போனைத் தேடி எடுத்து, பக்கத்து வீட்டில் சார்ஜர் வாங்கிப் போட்டாள். படம் இருந்தது. பாறை மேல் ஏழு பிள்ளைகள், நடுவில் பல்லெல்லாம் தெரிய ஜிஸ்மி. பிப்ரவரி பன்னிரண்டு, சனிக்கிழமை. மாசக் கணக்குக்கும் கச்சிதமாகப் பொருந்திய தேதி. பின்சிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

பின்சி முழுக்கக் கேட்டுக்கொண்டாள். "லிஸ்ட் திருவனந்தபுரத்துக்குப் போயாச்சு டீச்சரே. அன்னிக்கு நீங்க வாயத் திறந்திருந்தா, போட்டோவப் பாத்து நான் அங்கேயே திருத்தி எழுதியிருப்பேன். இனி என்னால முடியாது."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இன்பமேரி நேராக லயத்துக்குப் போனாள். அவளைக் கண்டதும் ஆசீர்வாதம் பதறிப்போய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"நீங்க ஏன் டீச்சர் இவ்ளோ தூரம்? நானே வரணும்னு இருந்தேன். எம்புள்ள கவனமில்லாம எழுதி உங்க பேரக் கெடுத்துட்டா. மன்னிச்சுக்கிடுங்க."

"ஐயோ அண்ணே! தப்பு அவ மேல இல்ல. தேதி சொன்னது நான். நான் சொன்னதைத்தான் அவ எழுதுனா. அங்க வச்சுக் கேட்டப்ப, பயந்துபோய்ப் பிள்ள தலையில போட்டுட்டேன்."

ஆசீர்வாதம் அவளையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது. பிறகு சிரித்தார்.

"நான் பிள்ளையத் திட்டிருவேன்னுதான பழிய நீங்க ஏத்துக்கிடுறீக? அவளே எங்கிட்ட ஒத்துக்கிட்டா டீச்சர்."

"சத்தியமாச் சொல்லுறேன்ணே…"

"விடுங்க டீச்சர். ஏட்டி, பாத்தியா டீச்சரோட மனச? இப்படி ஒருத்தர் யாருக்குட்டி கிடைப்பாக?"

ஜிஸ்மி கட்டன்சாயாவைக் கொண்டுவந்து நீட்டினாள். இன்பமேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயாவது அப்பாட்ட உண்மையச் சொல்லுட்டி. உனக்குப் புண்ணியமாப் போவும்."

ஜிஸ்மி மெல்லக் கையை உருவிக்கொண்டாள். "எழுதுனது எழுதுனதுதான் டீச்சர். இனி மாத்தி என்ன ஆகப்போவுது?"

பஸ் ஏற்றிவிட ஆசீர்வாதம் ரோடு வரைக்கும் கூடவே வந்தார். எதிரில் வந்தவர்களிடமெல்லாம், "எம்புள்ளைக்காக டீச்சர் வீடு தேடி வந்திருக்காக," என்று சொல்லிக்கொண்டே வந்தார். இன்பமேரி தலையைக் குனிந்துகொண்டு அவருக்குப் பின்னால் நடந்தாள்.