விட்டு வந்த மீன்கள்

சஜி துடுப்பால் தள்ளிக்கொண்டு வந்து காட்டியபோது, அந்த நீர்க்காகம் செத்து ஒரு நாளாவது ஆகியிருக்கும். பிளந்த வாய்க்கு வெளியே ஒரு கறுத்த மீனின் வால் நீட்டிக்கொண்டிருந்தது. திவ்யலட்சுமி கையுறையை மாட்டிக்கொண்டு இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. மீனின் பக்கவாட்டு முட்கள் இரண்டும் விரிந்து பறவையின் தொண்டைச் சதையில் குத்தி நின்றன.

“சக்கர் மீனாக்கும் மோளே,” என்றார் சஜி. “இதுமாதிரி ரெண்டெண்ணம் முன்னேயும் கண்டிருக்கேன். விழுங்கவும் பற்றாது, துப்பவும் பற்றாது. பட்டினி கெடந்து சாவும்.”

கரமனை ஆற்றுக்குப் பக்கத்திலிருந்த அந்தக் குளத்தில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று கணக்கெடுப்பது அவள் வேலை. ஒரு கல்லூரியின் ஓராண்டுத் திட்டம். படகுக்காக அமர்த்தப்பட்டவர் சஜி. இருபது வருடமாக அந்தக் குளத்தில் வலை வீசுகிறவர். அவர் மனைவி ஞானபாய் அந்த மீனைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்பாள்.

அன்றைக்கு வலையில் நாற்பத்து மூன்று மீன் விழுந்தது. அதில் முப்பத்தாறு சக்கர் மீன், வீட்டுத் தொட்டிகளில் பாசி தின்ன வளர்க்கிற அதே வகை. கல்லைப்போலச் செதில், தின்ன ஆளில்லை. வலையை மூன்று இடத்தில் கிழித்திருந்தன. ஒரே ஒரு வரால் இருந்தது. சிறுமீனான பள்ளத்தி இல்லவே இல்லை. பாசியைச் சுரண்டித் தின்னும்போது அதில் ஒட்டியிருக்கும் மற்ற மீன்களின் முட்டைகளையும் சேர்த்துத் தின்றுவிடும் சக்கர் மீன். குஞ்சு பொரிக்காத குளத்தில் நீர்க்காகத்துக்கு இரை ஏது? கிடைத்ததை விழுங்கப் பார்த்திருக்கிறது. ஒரு உணவு வலை எந்த முடிச்சில் அறுந்தது என்பது அவளுக்குப் படம் போட்டமாதிரி தெரிந்தது.

“எப்ப முதல் இது இருக்கு, சஜி அண்ணே?”

“எட்டு வருஷம் இருக்கும். முதல்ல ஒண்ணு கெடச்சப்ப நாங்க வேடிக்க பாத்தோம். ஞானபாய் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிச்சா. ஏதோ ஒருத்தன் வீட்டுத் தொட்டியிலேருந்து கொண்டு இட்டதாக்கும். அவன் கையில கெடச்சா…”

திவ்யலட்சுமியின் பேனா நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பகவதிப்பெருமாளிடம் கேட்டாள். “அப்பா, எட்டொன்பது வருஷம் முன்ன, நான் பிளஸ் டூ படிக்கும்போது நம்ம மீன்தொட்டி உடைஞ்சதே, அந்த மீனையெல்லாம் எங்க விட்டோம்?”

அவர் முகம் மலர்ந்தது. “ஓர்மை இல்லியா மக்களே? சாவக்கூடாதுன்னு நீ எப்பிடி அழுத! பக்கெட்டை உன் மடியில வச்சு ஸ்கூட்டர்ல போனோம்லா, ஆத்துப் பக்கத்துக் குளத்துக்கு. மத்ததெல்லாம் முன்னமே செத்துப் போச்சு. அந்தக் கறுப்பு மீன் நாலும்தான் பாக்கி. விட்டதும் சடார்னு உள்ள போச்சு. நீ கைதட்டின.”

வேறு யாராவதுகூடக் கொண்டுவந்து விட்டிருக்கலாம்; நகரத்தில் மீன்தொட்டி இருக்கும் வீடுகள் எத்தனையோ. அதை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. இரண்டு நாள் அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் படகில் வைத்து சஜியிடம் சொல்லிவிட்டாள்.

அவர் திட்டவில்லை. துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். “நீங்க படிச்ச ஆளல்லியா,” என்றார்.

“அப்ப தெரியாது, அண்ணே.”

“உங்களுக்கு இப்பத் தெரிஞ்சு எங்களுக்கு என்ன?”

துடுப்பைத் தண்ணீரில் இறக்கிக் கரைக்கு வலித்தார்.

அவள் சும்மா இருக்கவில்லை. பேராசிரியரை நச்சரித்தாள், வார்டு மெம்பரைப் போய்ப் பார்த்தாள், ஏப்ரலில் குளத்தை வற்றவைக்க அனுமதி வாங்கினாள். சஜி வரமாட்டார் என்றுதான் நினைத்தாள். வந்தார், ஞானபாயையும் கூட்டிக்கொண்டு. ஐந்து நாள் மோட்டார் ஓடியது. சேற்றில் கறுப்புக் கறுப்பாகத் துடித்தவற்றை அள்ளிக் குழியில் போட்டு மூடினார்கள். மிஞ்சிய வரால்களையும் ஆமைகளையும் டிரம்களில் எடுத்து வைத்தார்கள். அந்த வெயிலில் டிரம் தண்ணீர் சூடேறி, வரால்களில் பாதிக்குமேல் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. ஞானபாய் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கரையில் அடுக்கினாள்.

குளத்தின் கரை நெடுக முழங்கை ஆழத்துக்குப் பொந்துகள் தெரிந்தன. முட்டையிடச் சக்கர் மீன்கள் தோண்டியவை. கையை விட்டுத் துழாவிய சஜி, “உள்ள இருக்கு,” என்றார். “ஒரு சொட்டு வெள்ளமில்லாட்டியும் கெடக்குது, உயிரோடே.” எட்டிய பொந்துகளைக் காலி செய்தார்கள். எட்டாதவை எத்தனையோ.

ஜூனில் மழை பிடித்தது. மூன்றாம் நாள், பொந்துகளால் அரிக்கப்பட்டிருந்த தெற்குக் கரை நெடுநீளத்துக்குச் சரிந்து விழுந்தது. அந்த வழியாகக் குளமும் ஆறும் ஒன்றாயின. அதுவரை குளத்துக்குள் அடைந்து கிடந்தது இனி ஆற்றிலும் போகும், ஆறு போகிற இடமெல்லாம் போகும். குடையோடு நின்று அந்தச் செந்தண்ணீரைப் பார்த்தபோது திவ்யலட்சுமிக்கு அழுகைகூட வரவில்லை.

மழை ஓய்ந்ததும் கடைசிக் கணக்கெடுப்பு. இருபத்தெட்டு மீன், இருபத்தெட்டும் சக்கர். ஒரு விரல் நீளமுள்ள குஞ்சுகள்தான் அதிகம். சஜி கிழிந்த வலையைச் சுருட்டினார். தைக்கவில்லை.

“நாளை முதல் ஒரு பிளாட்டுல செக்யூரிட்டி வேல,” என்றார். “படகு வேணுமுன்னா இங்கே கெட்டி இட்டிருப்பேன். எடுத்தோ.”

“சஜி அண்ணே…”

“வேண்டாம் மோளே. இனி ஒண்ணும் பறயண்டா.”

அவர் போன பிறகு அவள் படிவத்தை நிரப்பினாள். வாழிடம், இனம், எண்ணிக்கை. ‘அயல் இனம் வந்த வழி’ என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். வருடத்தையும் எழுதினாள். கல்லூரி அலுவலகத்தில் அதை அடித்துவிட்டு, ‘தெரியவில்லை’ என்று திருத்தித் தட்டச்சு செய்தார்கள்.