பொபிக்கு நஞ்சு வைத்தது யார்?

டோரின் ரீச்சருக்கு ஒருவரைப் பிடிக்காமல் போக ஐந்து நிமிடம் போதும். அவள் வீட்டுப் பின் அறைக்கு வாடகைக்கு வந்த நாகேந்திரத்துக்கு அதுவும் தேவைப்படவில்லை. வவுனியாவிலிருந்து வந்தவன், கனடா விசாவுக்குக் காத்திருப்பதாகச் சொன்னான். பகலெல்லாம் அறைக்குள்ளேயே கிடப்பான். கேட்டதற்கு ஓம், இல்லை. அதற்குமேல் ஒரு சொல் வராது. தொண்ணூற்றெட்டில், குண்டு வெடித்துக்கொண்டிருந்த கொழும்பில், கொட்டாஞ்சேனையில், வடக்கிலிருந்து வந்த ஓர் இளந்தாரி இப்படி வாயைத் திறக்காமல் இருந்தால் புலியோ என்று யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அதைவிடப் பெரிய சந்தேகம் பொபியால் வந்தது. தபால்காரரை எட்டு வருடமாக மன்னிக்காத நாய், இவனைப் பார்த்துக் குரைப்பதை இரண்டாம் நாளே நிறுத்திவிட்டது. என்னத்தைப் போட்டு மயக்கினான்? ரீச்சர் சும்மா இருக்கிற ஆளா? தன் கழுத்தில் கிடந்த மாதாவின் உத்தரியத்தை, நீண்ட நூலில் இரண்டு துணித்துண்டு தைத்த அந்த மந்திரித்த பொருளை, கழற்றி நாயின் கழுத்தில் மாட்டினாள். பாதருக்குத் தெரிந்தால் பூசையில் வைத்தே அவளைக் கிழித்திருப்பார்.

வெள்ளிக்கிழமை உத்தரியத்தைக் காணவில்லை. சனிக்கிழமை பொபி சத்தியெடுக்கத் தொடங்கியது. ஞாயிறு தண்ணீரும் வயிற்றில் தங்கவில்லை. மாதாவை நம்பாத சைவக்காரன் உத்தரியத்தைக் கழற்றி எறிந்துவிட்டு நஞ்சு வைத்திருக்கிறான்! ரீச்சருக்கு ஒரு துளி ஐயமும் இல்லை.

திங்கள் காலை நாயைத் தூக்கி ஓட்டோவில் கிடத்தியவன் நாகேந்திரம்தான்.

"ரீச்சர், நானும் வரட்டே?"

"தேவையில்ல."

அவன் ஓட்டோவின் கம்பியை விடாமல் நின்றதை அவள் பார்த்தாள். பயம் பிடித்துவிட்டது, கள்ளனுக்கு! சந்தியிலுள்ள பொலிஸ் காவலரணில் ஓட்டோவை நிறுத்தச் சொன்னாள். பின் அறைப் பொடியனைக் கொஞ்சம் விசாரியுங்கள், எனக்கு அவனில் சந்தேகம் என்று சார்ஜனிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டு ஏறினாள். நெஞ்சு லேசாகிவிட்டது.

பாமன்கடையில் மிருக வைத்தியர் கொன்ஸ்ரன்ரைன் பொபியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"குடல் அடைச்சுக் கிடக்கு ரீச்சர். இப்பவே வெட்டவேணும்."

"அடைப்பில்ல டொக்டர், நஞ்சு. வெட்டி எடுக்கிறதை எனக்குக் காட்டுங்கோ. நான் பொலிசுக்குக் குடுக்கவேணும்."

இரண்டு மணித்தியாலம் வெளியே வாங்கில் உட்கார்ந்து செபமாலை உருட்டினாள். ஐம்பத்து மூன்று மணியிலும் நாகேந்திரத்தின் முகமே வந்தது.

வைத்தியர் எனாமல் தட்டோடு வெளியே வந்தார். அதில் ஒன்றரை அடிக் குடல், கறுத்து அழுகிக் கிடந்தது.

"பழுதான துண்டை எடுத்திட்டு, நல்ல ரெண்டு முனையையும் வைச்சுத் தைச்சிருக்கிறன். ஒழுக்கில்ல. பொபி தப்பிடும். ஆனா இது நஞ்சில்ல ரீச்சர்." இடுக்கியால் அவர் எதையோ தூக்கினார். "இந்த நூலை விழுங்கியிருக்கு. ஒரு முனை மேல சிக்கிக்கொள்ள, குடல் முழுக்க யன்னல் சீலை மாதிரிச் சுருங்கி, நூல் அதை அறுத்துக்கொண்டே போயிருக்கு. ஆர் இதை நாய்க்குப் போட்டது?"

நூலின் நுனியில் ஒரு மண்ணிறத் துணித்துண்டு தொங்கியது. அதில் அவளே தைத்த மாதாவின் படம்.

வைத்தியரின் போனை எடுத்துப் பக்கத்து வீட்டுப் புளோறன்சுக்கு அடித்தாள்.

"நாகேந்திரத்தைக் கூப்பிடும்."

"எங்கயிருந்து கூப்பிட? நீர் போன கையோட ஜீப் வந்தது. பொடியனை ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள். ஆர் பாவி சொல்லிக் குடுத்ததோ!" புளோறன்ஸ் மூக்கை உறிஞ்சினாள். "ஏறேக்கையும் என்னட்டத்தான் கேட்டது, அன்ரி, பொபிக்கு என்ன மாதிரி எண்டு தெரியுமோ எண்டு."

ரீச்சர் போனை வைத்தாள். தட்டிலிருந்த உத்தரியத்தைக் கழுவக்கூட இல்லை, கையில் பொத்திக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள்.

"கொட்டாஞ்சேனைக்கோ அம்மா?" என்று சாரதி கேட்டான்.

"பொலிசுக்கு," என்றாள். "நான்தான் பொய் சொன்னனான்."