ஏரிக்குள் ஐந்து புள்ளிகள்

செயற்கைக்கோள் அனுப்பும் படத்தில் தீப்பிடித்த இடமெல்லாம் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். அதில் எது நிஜம், எது பொய் என்று பிரித்துத் தீயணைப்புத் துறைக்குத் தகவல் அனுப்புவதுதான் அவளுடைய வேலை. பொய்ப் புள்ளி என்றால் பெரும்பாலும் வெயிலின் சேட்டை. தண்ணீரில் பட்டுப் பளீரென்று திரும்பும் வெளிச்சத்தை, மேலே சுற்றும் கருவி தீ என்று நம்பிவிடும். ஆகவே வரைபடத்தில் நீர்நிலைக்குள் விழும் புள்ளிகளை அழித்துவிடுவது அலுவலக வழக்கம். தண்ணீரில் ஏதய்யா தீ!

அன்று காலை பெரிய ஏரிக்குள் ஐந்து புள்ளிகள். அழித்தாள். சற்று நேரத்தில், ஏரிக்கரையில் குடியிருக்கும் தம்பி அழைத்தான்.

"அக்கா, புகை நாத்தம் தாங்கல. கிளம்பிடவா?"

"ஒண்ணுமில்லடா. எங்கேயாவது குப்பை எரிப்பாங்க. சும்மா பயந்து சாகாதே."

"நீ சொன்னா சரிதான்."

சாப்பிட்டுவிட்டு வந்தவளுக்கு ஏதோ உறுத்தியது. வரைபடத்தை விலக்கிவிட்டு வெறும் படத்தைத் திறந்தாள். ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் காய்ந்த கோரை. நடுவிலிருந்து கிளம்பிய புகை கரையை நோக்கி நீண்டிருந்தது. ஏரி வற்றிவிட்டதென்று தம்பி போன மாதமே புலம்பினான். பாவம் என்று உச்சுக்கொட்டினாளே தவிர, வரைபடத்தை மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

தீயணைப்புத் துறைக்குத் தகவல் அனுப்பிவிட்டுத் தம்பியைப் போனில் பிடித்தாள்.

"தெருவையே கூட்டிக்கிட்டு ஓடுடா!"

"என்னக்கா சொல்றே? எங்கக்கா மேலயிருந்து பாத்துட்டாங்க, ஒண்ணுமில்லைன்னு வீடு வீடா போய்ச் சொன்னேனே!" இருமினான். "எந்தப் பக்கம் போறது? சீக்கிரம் பாத்து சொல்லு."

திரையில் இருந்தது காலைப் படம். அடுத்தது வர மாலையாகும்.

"எனக்குத் தெரியலடா." அழுகை வந்துவிட்டது. "நான் சொன்னது தப்பு. வெளிய வந்து நீயே பாரு, காத்து எங்கிருந்து அடிக்குதுன்னு பாரு. என்னைக் கேக்காதே."

இருட்டும் நேரத்தில் அழைத்தான். தெரு மொத்தமும் தப்பி வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தது, பக்கத்து வீட்டுத் தையல்காரரைத் தவிர.

"கூப்பிடலையாடா அவரை?"

"கையைப் பிடிச்சு இழுத்தேங்கா. தைக்கிறதை முடிச்சுட்டு வரேன்னாரு. 'உங்கக்காவே ஒண்ணுமில்லைன்னுட்டாங்க, அப்புறம் என்ன அவசரம்?'னு சிரிச்சாருக்கா."