ஏழு சாதத்துக்கு ஏழு பூ

கூரம் காலனியில் நதியா சுட்டெடுத்த ஏழு கப்கேக்குகள், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டு வாசலில் நிஜப் பூக்களாகிவிட்டன. அப்போது மாசி மாதம், மல்லி கிலோ ஆயிரத்து இருநூறு. அதனால் தெருக்காரர்கள் கேக் எப்படிப் பூவானது என்று கேட்கவில்லை, எந்தக் கடையில் வாங்கியது என்றுதான் கேட்டார்கள்.

அந்த வீட்டு மருமகள் சிம்ரன், நதியாவின் அக்கா. பட்டு நெய்கிற குடும்பத்துச் சிவபாலனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு நாலு வருடம் ஆகிறது. சிவபாலன் தங்கமான பையன்தான், அம்மா காமாட்சியம்மாள் எதிரில் மட்டும் வாய் திறக்க மாட்டான். காமாட்சியம்மாள் மருமகளை ஏற்றுக்கொண்டாள், மசக்கையில் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினாள். மருமகளின் பிறந்த வீட்டைத்தான் ஏற்றுக்கொள்ளவில்லை. காலனி மனிதர் படியேறக் கூடாது, அந்த வீட்டுப் பண்டம் உள்ளே வரக் கூடாது. சிம்ரன் சண்டை போட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டாள். தங்கை போன் செய்தால், இன்றைக்கு என்ன குழம்பு என்று மட்டும் தவறாமல் கேட்பாள். அதில் பெருங்காயம் போட்டீர்களா என்றுகூட விசாரிப்பாள்.

வளைகாப்புக்குப் பிறந்த வீட்டார் ஏழு வகைச் சாதம் கட்டிக்கொண்டு போவது வழக்கம். அம்மா சம்பூர்ணம் பழக்கதோஷத்தில் புளியை ஊறவைத்துவிட்டு, பிறகு எடுத்துக் கொட்டினாள். நதியா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாதம்தானே போகாது, பூவுக்குத் தீட்டு ஏது? யூடியூப் பார்த்து கேக் கற்றவள் அவள். ஏழு சாதத்துக்கு ஏழு கேக் என்று எலுமிச்சை, தேங்காய், எள், மாங்காய் எனத் தொடங்கி, புளியில்கூட ஒன்று செய்தாள். சைவ வீடாயிற்றே என்று முட்டைக்குப் பதில் தயிர் ஊற்றினாள். மேலே க்ரீமில் ரோஜாவும் சாமந்தியும் பிழிந்து, அடியில் குச்சி செருகி, தெர்மாகோல் உருண்டையில் நெருக்கமாகக் குத்தி, பச்சைக் காகிதம் சுற்றி ரிப்பன் கட்டினாள். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். க்ரீம் உருகாததையே பெரிய அதிசயம் என்று நினைத்தாள், பாவம்.

காமாட்சியம்மாள் வாசலுக்கு வந்து வழியை அடைத்தாற்போல் நின்றாள்.

"சாப்பிடற சாமானா இருந்தா வேணாம்மா. தப்பா நெனச்சிக்காத."

"பூதாம்மா," என்றாள் நதியா.

சொல்லி வாய் மூடுவதற்குள் பூவாகிவிட்டது. இரண்டு தேனீக்கள்கூட வந்தன. காமாட்சியம்மாள் மோந்து பார்க்காமல் மரியாதையாக வாங்கிக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. கூடத்தில் வளையல் சத்தம் கேட்டது, அக்காவின் சிரிப்பும் கேட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. தான் சுட்டதை அக்கா ஒரு வாய் தின்ன வேண்டும், அவ்வளவுதான் நதியா கேட்டது. பஸ் நிலையத்தில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

ஆனால் பூக்கள் சிம்ரனிடம் பூவாக இருக்கவில்லை. தலையில் வைத்த ரோஜா கேக் வாசம் அடிக்கவே, அதைச் சாயங்காலம் தோட்டத்துப் பக்கம் போய்ப் பிடுங்கி வாயில் போட்டாள், எலுமிச்சை கேக்காக இருந்தது. தினம் ஒன்றாகத் தின்றாள். மிச்சம் இருந்தவை வாடவும் இல்லை.

"புளி கேக்ல பெருங்காயம் போட்டியாடி?" என்று போனில் கேட்டாள். ஒரு சிட்டிகை என்றாள் நதியா.

கடைசிச் சாமந்தியைக் காமாட்சியம்மாள் முருகன் படத்துக்கு வைத்திருந்தாள். காலையில் பழைய பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது ஓர் இதழ் உதட்டில் ஒட்டியது. தேங்காய் ருசி. நின்று யோசித்தாள். பூஜை அறைக் கதவைச் சாத்திவிட்டு மிச்சத்தையும் தின்றாள். மறுநாள் இட்லி ஊற்றிக்கொண்டே மருமகளிடம் சொன்னாள்:

"ஒன் தங்கச்சிக்கு போன் போடும்மா. இனிமே பூன்னு சொல்லிக்கினு வாசல்ல நிக்க வேணாம், உள்ள வந்து குடுக்கச் சொல்லு. சக்கரை மட்டும் கம்மியா போடணும், எனக்கு ஷுகர் இருக்குது."

சிம்ரன் அப்படியே சொன்னாள். எத்தனை ஸ்பூன் குறைக்கட்டும் என்று நதியா அழுதுகொண்டே கேட்டாள்.